சீர்மரத்தை வெட்டிய சேதி, அன்வர் அண்ணனுக்கு

என் அன்வர் அண்ணே,

சுகமா என்று உன்னைக் கேட்க முடியாது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மரத்தை வெட்டிவிட்டார்கள். போன வாரம். கொப்பு கொப்பாகப் பழம் தொங்கிக்கொண்டிருந்தபோதே வெட்டினார்கள். நீ இருந்திருந்தால் அந்தப் பழத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்திருப்பாய். அப்புறம் அம்மாவைப் பார்த்திருப்பாய். அதற்கப்புறம் நீ என்ன செய்திருப்பாய் என்றுதான் ஒரு வாரமாக யோசிக்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஊரில் யாரிடமும் இதைப் பேச முடியாது. எல்லோருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. திருப்பத்தூரில் கூடப் படித்த பசங்களிடம் சொன்னால், ஒரு புளியமரத்துக்கா இவ்வளவு சீன் என்கிறார்கள். மரத்துக்கு இல்லை. அம்மாவுக்குப் பிறந்த வீட்டுப் பக்கம் போக இருந்த ஒரே வழி அது. உனக்கு இது தெரியும். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

எங்கள் மலையில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது அண்டா குண்டாவோடு ஒரு மரத்தையும் சீராகக் கொடுத்துவிடுவார்கள். நிலம் அண்ணனுக்கு, அதில் நிற்கும் மரம் தங்கைக்கு. அம்மாவுக்குக் கிடைத்தது ஓடைக்கு அந்தப் பக்கம், அவள் அண்ணன் தீர்த்தமலை மாமாவின் நிலத்தில் நின்ற புளியமரம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது மாட்டுக்கொட்டாய்க்கு வேண்டும் என்று மாமா அதில் ஒரு கிளையைக் கேட்காமல் வெட்டினார். ஒரு கிளைதான். அப்பா சத்தம் போடவில்லை. சீராக வந்த பாத்திரங்களை எல்லாம் தலையில் தூக்கிக்கொண்டு போய், ஊர் பார்க்க, மாமா வாசலில் இறக்கிவிட்டு வந்தார்.

மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பாத்திரத்த கொண்டாந்துட்ட. மரத்த எப்போ புடுங்கினு வர்ற?"

ஊரே சிரித்தது. கிளைக்காக வந்த சண்டை அன்றைக்கே தீர்ந்திருக்கும். அந்தச் சிரிப்பை அப்பாவால் விழுங்க முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த நிலத்தை மிதிக்க அப்பாவுக்கு வீம்பு. கொடுத்த சீரைத் திரும்ப எடுத்தவன் என்ற பேர் வரும் என்று மரத்தைத் தொட மாமாவுக்குக் கூச்சம். பழம் விழுந்து ஆடும் பன்றியும் மிதித்துக் கிடந்தது. அம்மா ஓடையில் துணி துவைக்கும்போது நிமிர்ந்தால் அவள் அண்ணன் வீட்டுக் கூரை தெரியும். அவ்வளவு பக்கம். அவ்வளவு வருஷம்.

நீ முதலில் வந்தது சீதாப்பழம் வாங்க. வாணியம்பாடியிலிருந்து உன் குட்டியானை வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் ஊர் ரோட்டோரம் நிறுத்தினாய். நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, வீட்டில் திட்டு வாங்காமல் இருக்க ரோட்டிலேயே கிடந்த வருஷம் அது. என்னை ஏன் படிக்கவில்லை என்று கேட்காத முதல் ஆள் நீதான். கயிறைப் பிடி என்றாய். பிடித்தேன்.

பங்குனியில் புளிக்கு வந்தபோதுதான் அந்த மரத்தடியைப் பார்த்தாய். காலால் பழத்தைத் தள்ளிப் பார்த்துவிட்டு, சாப்பிடும் பொருளை இப்படிப் போட்டிருக்கிறார்களே, யார் மரம் என்றாய். சொன்னேன். சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை. ஓடையைத் தாண்டி மாமாவிடம் போய், நிலத்தில் நின்றுகொள்ளலாமா என்று மட்டும் கேட்டாய். மரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. திரும்ப வந்து அப்பாவிடம், மரத்தை உலுக்கலாமா என்று மட்டும் கேட்டாய். நிலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டு பேருமே சரி என்றார்கள். ஊர்க்கூட்டத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்து வெற்றிலை மென்ற தலைகள் எதற்கும் இது தோன்றவில்லையே, ஏன் அண்ணே?

அப்புறம் ஓடு தட்டி நார் எடுக்க ஆள் வேண்டும் என்றாய். கூலிக்கு அம்மாவை அனுப்பச் சொன்னாய். அந்தப் பக்கம் போய் மாமா பெண்டாட்டி ருக்கு அத்தையையும் கேட்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்ததும் அப்பா முறைத்தார்.

"இன்னா சாயபு, என் பொண்டாட்டி அவன் நெலத்துக்கு விருந்துக்குப் போவாளா?"

"விருந்துக்கு யாருங்க கூப்ட்டது? எனக்கு வேலைக்கு வர்றாங்க. மேஸ்திரி நானு. வேலைக்குப் போற எடத்துல யாரு நெலம்னு பாத்தா பொழப்பு நடக்குமா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இப்படித்தான் அண்ணே, எங்க அம்மா பிறந்த வீட்டுக்குக் கூலியாகப் போனாள்.

முதல் நாள் காலையில் அம்மாவும் அத்தையும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். தடி விழும் சத்தம் மட்டும் கேட்டது. மதியத்துக்குள் முதுகுகள் பக்கவாட்டுக்கு வந்துவிட்டன. மறுநாள் அத்தை என்னமோ சொல்ல, அம்மா சிரித்தாள். ஓடைக்கு இந்தப் பக்கம் வேலி கட்டிக்கொண்டிருந்த அப்பா கை முள்ளோடு அப்படியே நின்றார். அம்மாவுக்கு அந்தச் சிரிப்பு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நீ செய்த அடுத்த திருட்டுத்தனம் மூட்டை ஏற்றியது. உன் லோடு ஆட்களை முன்கூட்டியே ஆலங்காயத்துக்கு அனுப்பிவிட்டு, முதுகு பிடித்துக்கொண்டது என்று வண்டியில் சாய்ந்தாய். அப்பாவை மூட்டையின் ஒரு காதைப் பிடிக்கச் சொன்னாய். மாமாவை மறு காதை. நிலத்தை மிதிக்காத அப்பா, வண்டி நிற்பது ரோடு, ரோடு யார் நிலமும் இல்லை என்று நீ சொன்னதால் வந்து நின்றார். இரண்டு பேரும் பிடித்தார்கள். ஆனால் சேர்ந்து தூக்க வேண்டுமென்றால் ஒருவர் 'ம்' என்றாவது சொல்ல வேண்டும். யார் சொல்வது? நீதான் 'பிஸ்மில்லா' என்றாய். அந்தச் சத்தத்துக்கு இரண்டு பேரும் தூக்கினார்கள். மாமா உயரம், அப்பா குள்ளம். பாரமெல்லாம் அப்பா பக்கம் சரிந்தது. மாமா அப்பாவைப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த மூட்டைக்கு முட்டியை மடக்கிக்கொண்டார். நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

வெளியாள் என்பதால்தான் உன்னால் முடிந்தது. ஆனால் வெளியாளாகவே இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று கூட இருந்த எனக்குத்தான் தெரியும். இந்த வீட்டில் களி தின்றால் அந்த வீட்டில் சாமைச்சோறு தின்ன வேண்டும். இங்கே ஒரு டீ என்றால் அங்கே ஒரு டீ. ஒரு வீட்டில் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்துவிட்டால் மறு வீட்டில் முகம் மாறும். "சமாதானம் பண்றவனுக்கு மூளை வேணாம் தம்பி, பெரிய வயிறு வேணும்," என்று வண்டியில் ஏப்பம் விட்டுக்கொண்டே சொல்வாய்.

சேதியைச் சலவை பண்ணுவதிலும் நீ கெட்டிக்காரன். மாமா உன்னிடம், "வேடியப்பன் இன்னும் உயிரோட கீறானா?" என்று கேட்பார். நீ ஓடையைத் தாண்டி வந்து அப்பாவிடம், மச்சான் உங்க உடம்பைப் பற்றி விசாரித்தார் என்பாய். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டாய். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

கடைசி பங்குனியைப் பற்றி எழுதுவதற்குத்தான் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மரத்துப் புளி எல்லாம் ஏற்றியாகிவிட்டது. வண்டி நிறைந்துவிட்டது. அப்போது மாமா, நம்மிடம் பழைய சாமை கொஞ்சம் இருக்கிறது, கீழே சந்தையில் போட்டுவிடு என்று மூட்டைகளைக் கொண்டுவந்தார். உனக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. ஏற்றினாய். அப்பா பார்த்துக்கொண்டு இருந்தார். போனார். கொள்ளு மூட்டைகளோடு வந்தார். மாமாவுடையதை ஏற்றிவிட்டு அப்பாவுடையதை எப்படி விடுவாய்? ஒரு வீட்டு டீயைக் குடித்துவிட்டு மறு வீட்டு டீயை வேண்டாம் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. போதும் அண்ணே என்று நான் சொன்னேன். நீ கையை ஆட்டினாய். அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாய். ஏனென்றால் அப்பாவின் கொள்ளு மூட்டைக்கு மாமா காது பிடித்தார். மாமாவின் சாமை மூட்டைக்கு அப்பா காது பிடித்தார். நீ பிஸ்மில்லா சொல்லக்கூட இல்லை. அவர்களாகவே தூக்கினார்கள்.

கடைசி மூட்டை ஏறும்போது மாமாவின் கால் கல்லில் வழுக்கியது. அப்பா சொன்னார், "கால பாத்து."

இரண்டே வார்த்தை. மாமா காலைப் பார்த்தார். உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே அண்ணே. வண்டியில் ஏறியதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். அடுத்த வருஷம் இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிடுவார்கள், இன்ஷா அல்லா என்றாய். எங்கள் மலையிலேயே அவ்வளவு சந்தோஷமாக யாரும் வண்டி எடுத்து நான் பார்த்ததில்லை.

ஆலங்காயம் இறக்கத்தில், நீ எப்போதும் திட்டிக்கொண்டே திருப்பும் அந்த வளைவில், வண்டி உன் பேச்சைக் கேட்கவில்லை.

உன்னை அடக்கம் செய்ய அப்பாவும் மாமாவும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். மாமா முன்சீட்டில், அப்பா பின்சீட்டில், நான் நடுவில். கபர்ஸ்தானில் உன் தம்பி சொல்லிக்கொடுத்தபடி இரண்டு பேரும் மூன்று கை மண் போட்டார்கள். மாமா அழுதார். அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். நான் மடையன், இதற்கு மேல் என்ன இருக்கிறது, முடிந்தது சண்டை என்று நினைத்தேன். ஒரு மனுசன் செத்து இரண்டு பேரைச் சேர்த்துவைத்தான் என்று பேச்சில் கேட்டிருக்கிறோம் இல்லையா? நிஜத்தில் எப்படி நடக்கும் தெரியுமா?

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் மலை பஸ்ஸுக்காக நின்றோம். மாமாதான் ஆரம்பித்தார். யாரையும் பார்க்காமல், காற்றோடு பேசுகிற மாதிரி.

"அந்த கொள்ள ஏத்தாம இருந்திருந்தா புள்ள போய் சேந்திருப்பான்."

அப்பா திரும்பினார். "மொதல்ல சாமைய தூக்கினு வந்தவன் யாரு? நீ ஏத்துனதாலதான்டா நான் ஏத்துனேன்."

"போட்டிக்கு ஏத்துனேன்னு நீயே ஒத்துக்கினல்ல?"

அத்தனை வருஷம் பேசாதவர்கள் அன்றைக்கு பஸ் வரும்வரை பேசினார்கள். முகத்துக்கு முகம் பார்த்துப் பேசினார்கள். நீ எதிர்பார்த்த பேச்சு அது இல்லை. மரம், கிளை, பாத்திரம் எல்லாம் மறந்துபோனது. இப்போது சண்டை உனக்காக. யார் உன்னைக் கொன்றது என்று. இரண்டு பேரும் உண்மையாகவே உனக்காக அழுகிறார்கள் அண்ணே. அதனால்தான் இது தீராது. கிளைக்கு வந்த பகை என்றாவது ஒருநாள் தேய்ந்துபோகும். இது தேயாது.

இந்த மாசியில் நானே முயற்சி செய்தேன். உன்னைப் போலவே. மாமாவிடம் போய் நிலத்தில் நிற்கலாமா என்று மட்டும் கேட்டேன். "நீ வேடியப்பன் புள்ளதான," என்றார். அப்பாவிடம் வந்து மரத்தை உலுக்கலாமா என்று மட்டும் கேட்டேன். "மாமன் வூட்டு ஆளா வந்து கேக்கறியா?" என்றார். அதே கேள்விதான். நீ கேட்டபோது சம்மதம் கிடைத்தது, நான் கேட்டபோது குத்தல்தான் கிடைத்தது. இரண்டு பேருக்கும் சொந்தமாக இருப்பதுதான் என் குறை. யாருக்கும் சொந்தமில்லாத ஆள் வேண்டும் என்று படவேட்டிலிருந்து ஒரு வியாபாரியைக் கூட்டிவந்தேன். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார், பழத்தை உரித்து வாயில் போட்டார், நல்ல புளி என்றார். ஊரில் ஒரு டீ குடித்தார். டீக்கடையில் யாரோ உன் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம்தான் ஊர்க்கவுண்டர் கூட்டம் போட்டார். ஒரு மரத்தால் ஒரு உயிர் போனது போதும் என்றார். அப்பாவை என்ன சொல்கிறாய் என்று கேட்டார். "வெட்டட்டும்." மாமாவைக் கேட்டார். "வெட்டட்டும்." என் வயசுக்கு அவர்கள் இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். மரம் அம்மாவுடையது, அவளைக் கேளுங்கள் என்று நான் எழுந்தேன். படிப்பையே பாதியில் விட்டவன் பஞ்சாயத்தை முடிக்க வந்துவிட்டான் என்று ஒருத்தர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரிப்பை விழுங்க முடியாத அதே அப்பா.

வெட்டிய அன்று மெஷின் சத்தம் காலையிலிருந்து கேட்டது. விறகைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை ஓடைக்கு இந்தப் பக்கம் போட்டுவிட்டுப் போனார்கள். அதிலும் நியாயம் தவறவில்லை. அம்மா அந்த விறகைத் தொடவில்லை. அன்று சாயங்காலம் துணியைப் பிழிந்துகொண்டே என்னிடம் கேட்டாள்.

"அந்தப் பக்கம் போறதுக்கு இனிமே எனக்கு இன்னாடா சாக்கு கீது?"

நீயாக இருந்தால் ஏதாவது ஒரு சாக்கு கண்டுபிடித்திருப்பாய். நான் நின்றேன். அவ்வளவுதான்.

மற்ற சேதி. அந்த வளைவில் இப்போது தடுப்புச்சுவர் கட்டியிருக்கிறார்கள். வெள்ளையும் கறுப்புமாகப் பெயின்ட் அடித்து அழகாக இருக்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஆம்பூரில் செருப்புக் கம்பெனியில் சேர்ந்தேன், அதையும் விட்டுவிட்டேன். காரணம் கேட்காதே, நீ கேட்க மாட்டாய். உன் வண்டியைச் சரிபண்ணி உன் தம்பி ஓட்டுகிறான். எங்கள் மலைக்கு மட்டும் வருவதில்லை. வரச்சொல்லிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு விஷயம் இருக்கிறது. அதற்குத்தான் முக்கியமாக எழுதுகிறேன். உன் அம்மி அடிக்கடி போன் பண்ணுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி. "ரெண்டு வூடும் ஒண்ணா கீறாங்களா பேட்டா?" இரண்டு வீட்டைச் சேர்த்துவைத்துவிட்டேன் என்று நீ அவர்களிடம் சொல்லியிருக்கிறாய். நீ அவசரக்காரன். உன் சாவில் அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே கயிறு அதுதான். நான் ஆமாம் அம்மி என்று சொல்லிச்சொல்லியே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டேன். இப்போது உனக்கு ஓதும் வருஷ பாத்திஹா வருகிறது. இரண்டு குடும்பமும் சேர்ந்து வரவேண்டும், ஒரே சஹனில், ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பார்க்க ஆசையாக இருக்கிறது என்கிறார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். அவன் வருகிறானா என்று கேட்டார். மாமாவிடம் சொன்னேன். அதையேதான் கேட்டார். இரண்டு பேரும் வரப்போவதில்லை.

வருஷ பாத்திஹாவுக்கு யாருக்கோ உடம்பு சரியில்லை என்று ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை, என் முகத்தில் எழுதியிருந்திருக்கும்.

"பெத்தவகிட்ட பொய் சொல்லாத," என்றாள். "நானே வர்றேன். நானே சொல்றேன். 'ரெண்டு வூடும் சேரலமா. ஆனா உம் புள்ளையால நான் மூணு பங்குனி எங்க அண்ணன் நெலத்துல குந்தினு எங்க அண்ணி கூட சிரிச்சிக்கினு இருந்தேன்'னு சொல்றேன்."

அப்பாவைக் கேட்டாயா என்றேன்.

"கேக்கல," என்றாள். துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

அண்ணே, சமாதானம் நடக்கும் என்று உனக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நடக்காது. இந்த ஜென்மத்தில் நடக்காது. ருக்கு அத்தைக்கும் ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். அதற்கும் நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஒன்றே ஒன்றுக்குத்தான் வாக்குக் கொடுக்கிறேன். பாத்திஹா அன்றைக்கு முதல் பஸ்ஸில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மலை இறங்குவேன். உன் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவேன். அம்மா நிஜத்தைச் சொல்லும்போது, உன் அம்மி அழுது முடிக்கும்வரை எழுந்து ஓடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எதையும் பாதியில் விட்டே பழகியவன் நான். இதை விடமாட்டேன்.

என் அம்மா சின்னப்பொண்ணு பெற்ற உன் தம்பி,
குமரேசன்